இடுப்பு மூட்டு மறு அறுவை: துண்டுகளாகச் சேர்க்கும் மாடுலர் தண்டு எத்தனை வருடம் தாங்கும்?

சட்ஸ்வர்த்_மகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 72. 2004-ல் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அதற்கப்புறம் வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லை. தைப்பூசத்தன்று காவடிக்குப் பின்னால் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். போன வருடத்திலிருந்து தொடையின் நடுவில் வலி. நாற்காலியிலிருந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போதுதான் உயிர் போகிறது என்கிறார். நடக்க நடக்கக் கொஞ்சம் குறைகிறது. எக்ஸ்ரேயில், தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறது. தண்டு சற்றுக் கீழே இறங்கியும் இருக்கிறதாம்.

மறு அறுவை செய்ய வேண்டும், மாடுலர் தண்டு வைப்பேன் என்று சர்ஜன் சொல்கிறார். மேல் துண்டு, கீழ்த் துண்டு என இரண்டாக வரும், தியேட்டரில் வைத்துச் சேர்ப்பார்களாம். லெனேசியாவில் இருக்கும் தம்பி இதைக் கேட்டதும் பதறிப்போய், மாடுலரையெல்லாம் கம்பெனிகளே திரும்ப வாங்கிக்கொண்டன, ஒரே துண்டாக வருவதைக் கேள் என்கிறான். டாக்டரிடம் கிடைத்ததோ பத்து நிமிடம்தான். சேர்க்கும் இடம் உடையுமா? உலோகம் ரத்தத்தில் கலக்குமா? அம்மாவின் ஆயுளுக்கும் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லெனேசியா_தம்பி

நான்தான் அந்தத் தம்பி. அக்காவைப் பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஸ்ட்ரைக்கர் கம்பெனி 2012 ஜூலையில் ரெஜுவனேட், ஏபிஜி 2 என்ற இரண்டு மாடுலர் இடுப்பு மூட்டுகளைத் திரும்பப் பெற்றது. சேரும் இடத்தில் உலோகம் உராய்ந்து அரித்து, சுற்றியுள்ள தசையே கெட்டுப்போனது. 2014-ல் அமெரிக்காவில் வழக்குகளை முடிக்க 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். அதற்கு முன்னால் 2010-ல் டெப்யூ கம்பெனி ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டைத் திரும்பப் பெற்றது. இவ்வளவும் நடந்த பிறகு 72 வயது அம்மாவுக்கு ஏன் இன்னொரு மாடுலர்? இதுதான் என் கேள்வி.

தியேட்டர்_சிஸ்டர்

தம்பி சொன்ன ரீகால் விவரம் சரி. ஆனால் அங்கே பிரச்சினை வந்த இணைப்பு வேறு, அம்மாவுக்குச் சொல்லும் இணைப்பு வேறு. நான் பல வருடமாக மூட்டு மாற்று தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுக்கிறவள். பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்று வைக்கும் இடுப்பு மூட்டு கிட்டத்தட்ட எல்லாமே ஏதோ ஒரு இடத்தில் மாடுலர்தான். பந்து தனி, தண்டு தனி. தண்டின் மேல்முனையில் பந்தைத் தட்டிப் பொருத்துவார்கள். அம்மாவுக்கு 2004-ல் வைத்ததிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ரெஜுவனேட்டில் கூடுதலாக இன்னொரு இணைப்பு வைத்தார்கள். கழுத்துப் பகுதி கோபால்ட் குரோமியத்திலும் தண்டு டைட்டானியத்திலும் செய்யப்பட்டவை. இரு வேறு உலோகம், குறுகலான இடம், ஒவ்வொரு அடியிலும் வளைக்கும் விசை. அது அரித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அது முதல் அறுவைக்கு வந்தவர்களுக்கு வைத்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே துண்டுத் தண்டே போதுமானதாக இருந்திருக்கும்.

மறு அறுவைக்கு வரும் மாடுலரில் இணைப்பு தண்டின் நடுவில் இருக்கிறது. மேல் துண்டும் கீழ்த் துண்டும் டைட்டானியக் கலவைதான். கீழ்த் துண்டு நீளமாக, நுனி நோக்கிக் குறுகி, நெடுகப் புடைத்த வரம்புகளோடு இருக்கும். அந்த வரம்புகள்தான் எலும்பைப் பற்றிப் பிடித்துத் தண்டு சுழலாமல் வைக்கின்றன. கீழ்த் துண்டை எலும்பு பிடிக்கும் ஆழத்துக்கு முதலில் இறக்கிவிடுவார்கள். அது உட்கார்ந்த பிறகு, காலின் நீளம் எவ்வளவு வர வேண்டும், பந்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தொடை இடுப்பிலிருந்து எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்று சோதனைத் துண்டுகளை மாட்டி மாட்டிப் பார்த்து மேல் துண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே துண்டுத் தண்டில் இந்த வசதி குறைவு. எலும்பில் அது எங்கே இறுகி நிற்கிறதோ, காலின் நீளத்தைப் பெருமளவு அதுதான் முடிவு செய்யும். அப்புறம் பந்தின் அளவை மாற்றிக் கொஞ்சம் சரிசெய்யலாம், அவ்வளவுதான்.

பழைய தண்டை எடுத்த பிறகு உள்ளே என்ன எலும்பு மிச்சம் இருக்கும் என்பதை எக்ஸ்ரே முழுதாகக் காட்டிவிடாது. திறந்து பார்த்தபின் திட்டம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஜேக்கப்ஸ்_ஃபிட்டர்

நான் டாக்டர் இல்லை. ஜேக்கப்ஸில் ஃபிட்டர் அண்ட் டர்னராக வாழ்நாள் முழுக்க லேத் முன்னால் நின்றவன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கே இந்த மாடுலர் தண்டு வைத்தார்கள். அப்போது டாக்டர் "மோர்ஸ் டேப்பர்" என்றதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. டிரில் மெஷினில் 1860-களிலிருந்து இருக்கிற பிடிப்பு அது. கொஞ்சமாகக் குறுகும் உலோக முனையை, அதே சரிவுள்ள குழியில் தட்டினால் உராய்விலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். பந்து உட்காரும் இடத்துக்கு 12/14 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர், மறுபக்கம் 14.

தொழிலில் நாங்கள் முதலில் படித்த பாடம்: டேப்பரைப் பொருத்துமுன் துணியால் இரண்டு பக்கமும் துடை. ஒரு சின்ன உலோகச் சீவல், ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் முழுப் பரப்பும் ஒட்டாது. வேலை செய்யும்போது உள்ளே மெல்ல ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கழற்றிப் பார்த்தால் டேப்பரின் மேல் பழுப்பாக, தூள் தூளாகத் தேய்மானம் இருக்கும். விரலால் தடவினால் கறை ஒட்டும். அதையே உடம்புக்குள் யோசித்துப் பாருங்கள். ஆடும் ஒவ்வொரு தடவையும் டைட்டானியத்தின் மேலுள்ள காப்புப் படலம் உரிகிறது. அந்தச் சந்தில் உடம்பின் உப்புநீர் தேங்கி அமிலமாகிறது. உராய்வும் அரிப்பும் ஒன்றுக்கொன்று தீனி போடுகின்றன.

அதனால் நான் என் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: "இணைக்குமுன் ரத்தத்தையும் கொழுப்பையும் துடைத்து உலர்த்துவீர்களா?" அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகுதான் தட்டுவோம், போல்ட்டை அளவுச் சாவியால் குறித்த இறுக்கத்துக்கு மட்டும் திருகுவோம் என்றார். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை வந்தது.

சட்ஸ்வர்த்_மகள்

சிஸ்டருக்கும் ஐயாவுக்கும் ரொம்ப நன்றி. இப்போது படம் கொஞ்சம் தெளிவாகிறது. ஆனால் வருடக் கணக்கு இன்னும் தெரியவில்லை. இந்த வகைத் தண்டைப் பத்து, பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எலும்பு_வைத்தியன்

டர்பனில் எலும்பு மருத்துவத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அவருக்கென்று எதுவும் சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் முதல் அறுவையின் கணக்கு. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து வந்த கணக்குப்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 15 வருடத்தில் சுமார் 89 விழுக்காடும், 25 வருடத்தில் சுமார் 58 விழுக்காடும் மறு அறுவை இல்லாமல் இருந்தன. அம்மாவின் மூட்டு இருபது வருடம் தாண்டியிருக்கிறது. அது தன் வேலையை நன்றாகவே செய்திருக்கிறது.

மறு அறுவை செய்த மூட்டு அந்த அளவு உழைக்காது. இங்கிலாந்துப் பதிவேட்டை வைத்து 2022-ல் வந்த ஆய்வில், முதல் மறு அறுவை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல் 15 வருடத்துக்குள் இன்னொரு மறு அறுவைக்கு வந்தார்கள். இரண்டாவது மறு அறுவைக்குப் பிறகு அதே அளவு பேர் 7 வருடத்திலேயே வந்தார்கள். மூன்றாவதுக்குப் பிறகு 3 வருடத்தில். ஒவ்வொரு முறையும் எலும்பும் தசையும் குறைகின்றன, கிருமி புகும் வாய்ப்பு ஏறுகிறது. அதனால் முதல் மறு அறுவையிலேயே சரியாகச் செய்துவிட வேண்டும். அம்மா இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறார்.

இனி மாடுலர் தண்டுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2017-ல் வெளியிட்டதில், கிருமித் தொற்று இல்லாத மறு அறுவைகள் 500-க்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் அம்மாவுக்குச் சொன்னது போன்ற, வரம்புள்ள, நுனி குறுகிய மாடுலர் தண்டு. பத்து வருட அளவில் சுமார் 96 விழுக்காட்டில் தண்டு மாற்றப்படாமல் இருந்தது. எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி தியேட்டருக்குப் போகாதவர்கள் சுமார் 90 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நோயாளிகளிடம் நான் எப்போதும் காட்டுவேன். தண்டு எலும்பில் நன்றாகப் பிடித்து நிற்கிறது. ஆனாலும் மறுபடி திறக்க வேண்டி வருகிறது. மூட்டு நழுவுகிறது, கிருமி வருகிறது, எலும்பு முறிகிறது, அல்லது இடுப்பெலும்பில் பந்து உட்காரும் கிண்ணத்தின் பக்கம் கெடுகிறது. உங்கள் அம்மா விஷயத்தில் தண்டு ஒரு துண்டா இரண்டு துண்டா என்பதைவிட நான் அதிகம் கவலைப்படுவது நழுவலையும் கிருமியையும் பற்றித்தான்.

இணைப்பு உடைவதைப் பற்றி. ஆரம்பகால வடிவங்களில் சில உடைந்தன, உண்மை. உடைந்தவர்களிடம் பொதுவாக இருந்தவை: உடல் எடை அதிகம், வைத்த தண்டு மெலிது, இணைப்பைச் சுற்றியுள்ள மேல் எலும்பு தாங்கவில்லை. கீழே தண்டு அசையாமல் இறுகி நிற்க, மேலே எலும்பு இல்லாவிட்டால், ஒவ்வொரு அடியிலும் வளைக்கும் விசை முழுவதும் இணைப்பின் தலையில் விழும். பின்னால் வந்த வடிவங்களில் இணைப்பைத் தடித்ததாக்கி, மேற்பரப்பை அழுத்திக் கெட்டிப்படுத்தினார்கள். உடைவது அரிதாகிவிட்டது. ஆனாலும் 110 கிலோ எடையும் மேல் எலும்பே இல்லாத தொடையும் உள்ளவருக்கு இதை வைக்க நான் இரண்டு முறை யோசிப்பேன்.

தண்டு கீழே இறங்குவதைப் பற்றியும் கேட்பார்கள். இறங்கினால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் சில மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிடும். வருடம் கடந்த பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கவலை.

பீனிக்ஸ்வாசி

அப்பாவுக்குப் பத்து வருடத்துக்கு முன்னால் இதே வகைத் தண்டு வைத்தார்கள். இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரேக்களை எல்லாம் ஒரு பழைய ஃபைலில் வைத்திருக்கிறேன். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு மூன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அறுவை முடிந்த வாரத்துப் படத்தில் தொடையின் மேல்பகுதி பாவமாக இருக்கிறது. வெளிப்பக்கச் சுவரை நீளவாக்கில் அறுத்துத் திறந்துதான் பழைய சிமென்ட்டை எடுத்திருக்கிறார்கள். அதைத் திரும்ப மூடி மூன்று இடத்தில் கம்பி சுற்றியிருப்பது தெரிகிறது. தண்டின் இரு துண்டும் சேரும் இடம் மயிரிழை போலக் கறுப்பாக இருக்கிறது, அதைச் சுற்றி எலும்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு வருடத்துப் படத்தில் அறுத்த கோடு மறைந்துவிட்டது. கடைசிப் படத்தில் அந்த மயிரிழைக்கு உள்பக்கமாகப் புது எலும்பு வெள்ளையாக ஏறி நிற்கிறது. வைத்தியர் தம்பி சொன்ன மேல் எலும்புத் தாங்கல் இதுதான் என்று இப்போதுதான் புரிகிறது.

ஆனால் எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். மூன்றாவது மாதம் தாழ்வான சோபாவிலிருந்து எழும்போது மூட்டு நழுவியது. அப்பா போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளினார்கள், அதற்கப்புறம் நழுவவில்லை. இன்னொன்று நொண்டல். வலி போய்விட்டது, நொண்டல் போகவில்லை. இடுப்பின் பக்கத் தசை இரண்டு அறுவையிலும் அடிபட்டிருக்கிறது என்று பிசியோ சொன்னார். வெளியே போனால் எதிர்க்கையில் ஒரு கோல். அறுவைக்கு முன் இதை யாராவது நேராகச் சொல்லியிருந்தால் அப்பா முதல் இரண்டு வருடம் அவ்வளவு மனம் நொந்திருக்க மாட்டார்.

கேப்டவுன்_செல்வி

சட்ஸ்வர்த் அக்கா, ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிருமி இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்தார்களா?

என் மூட்டு தளர்ந்தபோது "சும்மா தேய்மானம்" என்று சொல்லி ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவில்லை. புதுத் தண்டு வைத்த சில மாதத்தில் காயம் கசிய ஆரம்பித்தது. முதலிலிருந்தே மெதுவான கிருமி உள்ளே இருந்திருக்கிறது. அப்புறம் வேறு இடத்தில் எல்லாவற்றையும் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டில் தற்காலிக மூட்டு வைத்து, கிருமி அடங்கிய பிறகுதான் திரும்ப மாடுலர் வைத்தார்கள். அந்த இடைக்காலத்தை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். குளியலறைக்குப் போகக்கூட இன்னொருவர் கை வேண்டும். அந்த முதல் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு ஊசியைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் இருக்கிறது.

எலும்பு_வைத்தியன்

செல்வி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். தளர்ந்த மூட்டு எதுவானாலும், வேறு காரணம் நிரூபணமாகும் வரை கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகளைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மூட்டு நீரை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் பார்க்க வேண்டும். அதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிடாமல் இருந்தால்தான் முடிவை நம்பலாம். ஃபார்மசியில் வாங்கி வைத்த மாத்திரையைத் தொண்டை வலிக்கென்று அம்மா போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவையின்போதும் நாலைந்து இடத்திலிருந்து திசு எடுத்து அனுப்புவது வழக்கம்.

மாரிட்ஸ்பர்க்_ஓய்வு

ஓய்வுபெற்ற எலும்பு சர்ஜன் நான். இழை மாடுலர் பக்கம் ஒரேயடியாகச் சாய்வதால் எழுதுகிறேன்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ஸ் வாக்னர் 1987-ல் அறிமுகப்படுத்திய ஒரே துண்டுத் தண்டும் இதே தத்துவம்தான். டைட்டானியம், நுனி குறுகல், எட்டு வரம்பு. நடுவில் இணைப்பு கிடையாது, ஆகவே இணைப்பில் உடையவும் அரிக்கவும் ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் அது கீழே இறங்கியதும், தொடை போதிய அளவு விலகி நிற்காததால் மூட்டு நழுவியதும் உண்மை. பின்னால் வடிவத்தை மாற்றினார்கள், எங்கள் கையும் பழகியது. இரண்டையும் ஒப்பிட்ட தொகுப்பாய்வுகளில் நீண்டகால ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையும் குறைவு. நம் நாட்டில் அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

என் பழக்கம் இதுதான். தொடையின் நடுக்குழல் நன்றாக இருந்து, இறுகிப் பிடிக்க நாலு சென்டிமீட்டருக்கு மேல் நல்ல எலும்பு கிடைத்தால் ஒரே துண்டு. எலும்பு மோசமாக வளைந்து, மேலும் கீழும் அளவு பொருந்தாமல், கால் நீளத்தைத் தனியாகச் சரிசெய்ய வேண்டி வந்தால் மாடுலர். தண்டைச் சுற்றி எலும்பு முறிந்து, தண்டும் தளர்ந்து வருகிறவர்களுக்கும் மாடுலர் கைகொடுக்கிறது. பழைய சிமென்ட் கெட்டியாக ஒட்டியிருந்து தண்டு மட்டும் கெட்டிருந்தால், வயதானவர்களுக்கு அதே சிமென்ட்டுக்குள் புது சிமென்ட் ஊற்றிச் சின்னத் தண்டு வைப்பதும் உண்டு. அம்மாவுக்குச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்துவிட்டதால் அது பொருந்துமென்று தோன்றவில்லை.

சர்ஜன் எதில் கை பழகியவர் என்பது மிக முக்கியம். வருடத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் செய்கிறவரிடம், எனக்குப் பிடித்த தண்டை வை என்று கேட்காதீர்கள்.

எலும்பு_வைத்தியன்

ஐயா சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஒன்று மட்டும். இறுகும் ஆழத்தை முன்கூட்டியே கணிப்பதில் உங்கள் தலைமுறைக்கு இருந்த கை எங்களில் எல்லோருக்கும் இல்லை. கை பழகாதவருக்கு ஒரே துண்டுத் தண்டு எதிர்பார்த்ததைவிட மேலேயோ கீழேயோ நின்றுவிட்டால், கால் நீளமும் தசை இறுக்கமும் கெட்டு மூட்டு நழுவும். மாடுலர் அந்த இடத்தில் மன்னிக்கிறது. நான் மாடுலர் எடுப்பதற்குக் காரணம் அதுதான்.

லெனேசியா_தம்பி

சரி, தண்டு விஷயம் புரிந்தது. உலோகம் ரத்தத்தில் கலப்பது? கோபால்ட் பரிசோதனை வருடா வருடம் செய்ய வேண்டுமா?

தியேட்டர்_சிஸ்டர்

கோபால்ட் எங்கிருந்து வருமென்று பாருங்கள் தம்பி. நடுத்தண்டு இணைப்பில் இரு பக்கமும் டைட்டானியம் என்றால் அங்கே கோபால்டுக்கு வேலையில்லை. உராய்வும் அரிப்பும் அங்கேயும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் ரெஜுவனேட்டில் பார்த்த அளவில் இல்லை. பந்து கோபால்ட் குரோமியமாக இருந்தால் பந்து உட்காரும் டேப்பரிலிருந்து வரலாம். அதனால் இப்போது பலர் செராமிக் பந்து வைக்கிறார்கள். பழைய தண்டை அப்படியே விட்டுப் பந்தை மட்டும் மாற்றினால், தேய்ந்த டேப்பரின் மேல் டைட்டானிய உறை போட்டு அதன் மேல் செராமிக் பந்தை வைப்பார்கள். இல்லாவிட்டால் செராமிக் விரிசல் விடலாம்.

நழுவாமல் இருக்க இரட்டை அசைவுக் கிண்ணம் வைப்பார்கள். சின்னப் பந்து பெரிய பாலிதீன் பந்துக்குள்ளும், அது கிண்ணத்துக்குள்ளும் அசையும். பிரான்சில் செந்த்-எத்தியேனில் ஜில் பூஸ்கே 1970-களில் உருவாக்கியது. மறு அறுவையில் நழுவல் குறைய இது நன்றாக உதவுகிறது. இதன் மாடுலர் வகையில் டைட்டானியக் கிண்ணத்துக்குள் கோபால்ட் குரோமிய உள்ளுறை வரும். கோபால்ட் பற்றிக் கவலை இருந்தால், அம்மாவுக்கு எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வலியோ வீக்கமோ இல்லாதவருக்கு வருடா வருடம் ரத்தப் பரிசோதனை தேவை என்று எங்கள் டாக்டர்கள் சொல்வதில்லை. தொடை மடிப்பில் புது வலி, கட்டி வந்தால் உடனே போக வேண்டும்.

மவுண்ட்_எட்ஜ்கோம்ப்

செலவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்புத் திட்டக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தவன். பல திட்டங்களில் செயற்கை உறுப்புக்கென்று வருடத்துக்குத் தனிப் பண வரம்பு இருக்கும். முதல் அறுவைக்கு அது போதும். மாடுலர் தண்டு, இரட்டை அசைவுக் கிண்ணம், எலும்பு குறைந்த இடத்துக்கு வைக்கும் கூடுதல் உலோகத் துண்டு எல்லாம் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். மீதி உங்கள் கையிலிருந்து.

ஆகவே சர்ஜனிடம் இப்போதே மோட்டிவேஷன் லெட்டர் எழுதச் சொல்லுங்கள். எலும்பு இழப்பு எவ்வளவு, ஏன் இந்தத் தண்டு, வேறு தண்டு ஏன் பொருந்தாது என்று தெளிவாக இருக்க வேண்டும். உறுப்பின் விலைப்பட்டியலைச் சப்ளையரிடமிருந்து முன்னமே வாங்கி இணையுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால், இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு: ஆர். கே. கான் போன்ற மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடுதான் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி போன்ற மேல் மருத்துவமனைக்குப் போக முடியும், நேராகப் போனால் பார்க்கமாட்டார்கள். காத்திருப்பு நீளம். காத்திருக்கும்போது வலி திடீரென்று கூடினாலோ காலை ஊன்ற முடியாமல் போனாலோ வரிசையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். எலும்பு முறிந்திருக்கலாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சட்ஸ்வர்த்_மகள்

நேற்று அம்மாவை மறுபடி சர்ஜனிடம் கூட்டிப்போனேன். இந்த இழையிலிருந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போனதால் நேரம் வீணாகவில்லை. மூட்டு நீர் எடுக்கச் சம்மதித்தார். அடுத்த வாரம். வருடத்துக்கு எத்தனை மறு அறுவை செய்கிறீர்கள் என்று கேட்டேன். முகம் கோணாமல் சொன்னார், இதுவே அவருடைய முக்கிய வேலை என்று தெரிந்தது. அம்மாவின் தொடை முன்பக்கமாக வளைந்திருக்கிறது, ஒரே துண்டு நீளத் தண்டு அங்கே எலும்பைக் குத்திவிடலாம், அதனால்தான் மாடுலர் என்று எக்ஸ்ரேயில் விரலை வைத்துக் காட்டினார். பந்து செராமிக். இரட்டை அசைவுக் கிண்ணத்தைத் தியேட்டரில் மூட்டு எப்படி நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்வாராம். நொண்டலைப் பற்றி அம்மாவிடம் அவரையே சொல்லச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு, "வலி போனால் போதும்" என்றார்.

அம்மாவின் ஒரே கேள்வி, ஈஸ்டர் சமயத்துத் திருவிழாவுக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போக முடியுமா, தரையில் உட்கார முடியுமா?

பிசியோ_டோங்காட்

அக்கா, தரையில் உட்காருவதை மறக்கச் சொல்லுங்கள். மறு அறுவை செய்த மூட்டில் சம்மணம் போடுவதும் குந்துவதும் நழுவலுக்கு வழி. முழங்காலைவிட உயரமான, கை வைத்த நாற்காலியை வீட்டிலிருந்தே கோயிலுக்கு எடுத்துப் போகலாம். பூஜை அறைக்கும் அதுவே.

எலும்பின் வெளிச்சுவரைத் திறந்து மூடியிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை அந்தக் காலில் முழு எடை போடவிடமாட்டார்கள். அவசரப்பட்டு வாக்கரை விட்டால் தண்டு இறங்கும். பக்கத் தசைக்கான பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பதையும் சர்ஜனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தள்ளுமுள்ளு இருக்கும், அதனால் முதல் ஈஸ்டருக்குக் காலையில் வெகு சீக்கிரம் போய்விட்டு வந்துவிடுங்கள். செருப்பைக் கழற்றும்போது குனியாமல், நீங்கள் கழற்றிவிடுங்கள்.

ஜேக்கப்ஸ்_ஃபிட்டர்

மகளே, இன்னொன்று. அறுவை முடிந்ததும் ஒவ்வொரு துண்டுக்கும் பெட்டியிலிருந்து ஸ்டிக்கர் கிழித்துக் கோப்பில் ஒட்டுவார்கள். கம்பெனி பெயர், அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதன் நகலை வீடு திரும்பும் அன்றே கேட்டு வாங்கிவிடு. அம்மாவின் 2004 அறுவைக்கான ஸ்டிக்கரும் கிடைக்குமா என்று பழைய கோப்பில் தேடிப்பார். கிண்ணத்தை மாற்றாமல் விட்டால், அதற்குள் எந்த உள்ளுறை பொருந்தும் என்று கண்டுபிடிக்க சர்ஜனுக்கு அது வேண்டும்.

சட்ஸ்வர்த்_மகள்

2004 கோப்பு அம்மாவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது ஐயா. ஸ்டிக்கர் இருக்கிறது, எண்கள் வாசிக்க முடிகிறது. போட்டோ எடுத்து சர்ஜனின் அறைக்கு அனுப்பிவிட்டேன். மூட்டு நீர் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.